வீட்டின் வாயும் வீட்டின் முகமும்

பிற மாநிலத்தில் வாழும் தமிழர் வீடு தேடிப் புறப்பட்டால் மூன்று வினாக்களைக் கேட்பது வழக்கம். விலை என்ன? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? வாசல் எந்தத் திசை? முன்னிரண்டுக்கும் விடை எளிதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குத்தான் ஆளுக்கொரு விடை. தரகர் ஒரு திசையைச் சொல்வார். விற்பவர் வேறொரு திசையைச் சொல்வார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் மாமனாரோ, அவ்விருவரையும் நம்பவேண்டா என்பார். தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் நேயர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் வாழ்கிறோம். ஆகவே மும்பையை வைத்தே இதனைச் சொல்ல முற்படுகிறோம்.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறம், நமக்கு நெருங்கிய பழக்கமுள்ள குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியாரை மதினி என்றும் அழைப்போம். பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இட்டிலி அவித்து, சட்டினி அரைத்து, ஏனங்களில் நிரப்பி, மிதிவண்டிக்காரர்களிடம் கொடுத்து நகரின் பல பகுதிகளுக்கும் அனுப்புவது தொழில். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் கீழே ஓர் அறை; வெளியே சார்த்திய இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. கீழே அடுப்பு, மேலே உறக்கம். சன்னல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதனை முழுதும் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கும்.

மதினிக்குச் சில ஆண்டுகளாக மூச்சிரைப்பு. காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாறுவது நல்லது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி முப்பது ஆண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, செம்பூரில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டைப் பார்த்து முடித்து முன்பணமும் கொடுத்தார். கூடமும் படுக்கையறையும் மேற்குப் புறம், பின்னால் சமையற்கட்டு. மதினி பால்கனியில் நின்று அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அதற்கு என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரிந்தது.

'கிழக்கு வாசல்' என்று சொல்லித்தான் தரகர் அவ்வீட்டை விற்றார். அதற்காக விலையிலும் சற்று ஏற்றினார். ஊரிலிருந்து வந்த மதினியின் தகப்பனார் மனையடி சாஸ்திரம் அறிந்தவர். அவர் கட்டடத்தின் பெரிய வாயிலில் நின்று, ஏணிப்படியைப் பார்த்து, 'இது தெற்கு வாசல் அல்லவா?' என்றார். மதினியின் தம்பி கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவர். ஃபெங் சுயி என்னும் சீனக் கலையில் ஈடுபாடு கொண்டவர். அவர் பால்கனிக்குச் சென்று, கைப்பேசியிலுள்ள திசைகாட்டியைக் கம்பியோரமாகப் பிடித்துப் பார்த்து, 'அத்தான், வீடு தென்மேற்கைப் பார்க்கிறது' என்றார். ஒரே வீடு; மூன்று திசைகள். மூவரும் நல்லவர்கள், மூவரும் அக்குடும்பத்தின் நன்மையை விரும்புகிறவர்கள். மீதிப் பணம் கட்டவேண்டிய நாளுக்கு மூன்று வாரமே இருந்தது. அண்ணாச்சி அன்றிரவே நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு நோய் உண்டு. எங்கே வழக்கு நடந்தாலும் முதலில் சொல்லைத்தான் பிடித்துப் பார்ப்பான். நமக்கும் அதுவே பிழைப்பு ஆகையால், இங்கும் சொல்லிலேயே தொடங்கினோம். 'வீடு கிழக்கே பார்க்கிறது' என்கிறோமே, வீட்டில் பார்ப்பது எது? தமிழர் தயங்காமல் விடை சொல்வர்: வாசல். வாசல் என்பது வாயில் என்பதன் மரூஉ. வாயில் என்பதோ இல்வாய், அதாவது இல்லத்தின் வாய், முன்பின்னாக மாறி நின்ற சொல் என்பதைப் பள்ளியில் இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் படித்திருக்கிறோம். ஆகத் தமிழில் வீட்டுக்கு ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீடு பார்ப்பதாகக் கொள்கிறோம். ஊரிலுள்ள வீட்டுக்கு இது முற்றிலும் பொருந்தும். அங்கே தெருவும் திண்ணையும் தலைவாசலும் ஒரே பக்கத்தில் இருந்தன. வெளிச்சமும் விருந்தினரும் அப்பக்கமாகவே வந்தார்கள். வாயும் முகமும் ஒன்றாக இருந்த காலம் அது.

சீனக் கலையில் இவை இரண்டும் வெவ்வேறு. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். அக்கலையில் வல்லோர் வீட்டை அமர்ந்திருக்கும் மனிதனைப்போலக் கருதுவர். முதுகு சாய்ந்திருக்கும் பக்கம் ஒன்று. முகம் நோக்கும் பக்கம் அதற்கு நேரெதிர். கதவை அவர்கள் உயிர்க்காற்று உட்புகும் வாய் என்பார்களேயன்றி, அதுவே முகம் என்று கட்டாயமாகச் சொல்வதில்லை. வெளிச்சமும் சன்னல்களும் எந்தப் பக்கம் மிகுதி, சாலையோ திறந்த வெளியோ நீர்நிலையோ எந்தப் பக்கம், கட்டியவன் எந்தப் பக்கத்தை அழகுபடுத்தினான் என்று பார்த்து, அப்பக்கத்தையே முகம் என்று முடிவு கட்டுவர். முதலில் முகம் எது என்று கண்ணால் தீர்மானிக்கவேண்டும். அதன் பிறகே ஊசியை எடுக்கவேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்து விடுகிறார்கள்.

தனி வீடானால் இது கடினமன்று. அடுக்கு வீட்டில்தான் தொல்லை. கட்டடம் முழுவதற்கும் ஒரே முகம், அதுவே உள்ளிருக்கும் எல்லா வீட்டுக்கும் முகம் என்பது ஒரு சாரார் கொள்கை. ஒவ்வொரு வீட்டுக்கும் மிகுந்த வெளிச்சமுள்ள பக்கமே முகம் என்பர் வேறு சிலர். வீட்டின் கதவையே முகமாகக் கொள்வாரும் உண்டு. சீனத்து வல்லுநரிடையே இன்றும் இதில் உடன்பாடு இல்லை. இதனை அண்ணாச்சியிடம் சொன்னபோது, 'அப்ப மூணு பேரும் சொன்னது சரிதானா?' என்று கேட்டார். ஒரு வகையில் சரிதான். தரகர் சொன்னது வீட்டின் வாய். மாமனார் சொன்னது கட்டடத்தின் வாய். மைத்துனர் தேடியது வீட்டின் முகம். மூவரும் 'வாசல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிச் சண்டையிட்டனர்.

மைத்துனர் தேடிய பொருள் சரி. அளந்த முறையில்தான் பிழை. சீனரின் திசைவட்டத்தில் இருபத்துநான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் 15 பாகை. எண்திசையில் ஒவ்வொன்றுக்கும் 45 பாகை. மேற்கு என்னும் பிரிவின் நடுவிலிருந்து அதன் எல்லைக்கு 22½ பாகைதான் தூரம். ஊசி அவ்வளவு விலகினாலே மேற்கு தென்மேற்காகிவிடும். காந்த ஊசிக்கு இரும்பைக் கண்டால் அறிவு மயங்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், மும்பை வீடு ஒன்றில் இரும்பு இல்லாத இடம் எது? சுவருக்குள் கம்பி, தூணுக்குள் கம்பி, தளத்துக்குள் கம்பி. திருடனுக்கு அஞ்சிப் பால்கனி முழுவதும் கம்பி. கைப்பேசிக்குள்ளேயே ஒலிபெருக்கிக்கான காந்தம்.

இதற்கு மும்பையிலேயே பெரியதோர் சான்று உண்டு. கொலாபா வானாய்வு நிலையம் 1826-இல் ஏற்பட்டது. 1841 முதல் அங்கே பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் உலகெங்கும் தந்திக் கம்பிகளைக் கலங்கச் செய்த பெரும் காந்தப் புயலைக் குறித்து வைத்த சில நிலையங்களுள் அதுவும் ஒன்று. பின்னர், பம்பாயில் குதிரை இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டுவது என்று முடிவாயிற்று. மின்சார டிராம் வந்தால் ஊசி ஒழுங்காக நிற்காது என்பதை அந்நிலையத்தின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் உணர்ந்தார். கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகில், இரும்பு கலவாத பொருள்களைக் கொண்டு கட்டடம் எழுப்பி, 1904-இல் அங்கே அளவு தொடங்கினார். இரண்டு ஆண்டுக் காலம் ஈரிடத்திலும் சேர்த்து அளந்து, இரண்டும் ஒத்து வருவதைக் கண்ட பின்னரே கொலாபாவில் காந்த அளவை நிறுத்தினார். 1907-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அந்த டிராமும் 1964-இல் நின்றுவிட்டது. அலிபாகில் அளவு இன்றும் தொடர்கிறது. பேராசிரியர்களும் கருவிகளும் நிறைந்த ஒரு நிலையமே ஊசியை நம்பமுடியாமல் நகரை விட்டு வெளியேறியது. நாமோ மூன்றாம் மாடிக் கம்பியோரத்தில் கைப்பேசியை நீட்டி, முப்பது ஆண்டுச் சேமிப்பின் தலைவிதியைக் கேட்கிறோம்.

அப்படியானால் திசையை எப்படித்தான் அறிவது? சிற்ப நூல்கள் நெடுங்காலத்துக்கு முன்பே வழி சொல்லியிருக்கின்றன. மயமதம் முதலிய நூல்களில் காணப்படும் சங்கு நாட்டும் முறை அது. சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை நடுவாக வைத்து வட்டம் வரையவேண்டும். காலையில் கோலின் நிழல் நீண்டிருக்கும். வெயில் ஏற ஏறக் குறுகும். நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே புகும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் மற்றொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. இரும்பும் மின்சாரமும் கதிரவனை ஒன்றும் செய்ய முடியாது.

சூரியன் உதிக்கும் இடத்தைப் பார்த்தே கிழக்கைச் சொல்லிவிடலாமே என்பாரும் உண்டு. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாளையொட்டித்தான். மும்பையில் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 25 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கும். டிசம்பரில் வீடு பார்த்தவர் ஒரு கிழக்கைக் காண்பார். ஜூனில் குடிபுகுந்தவர் வேறொரு கிழக்கைக் காண்பார்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தச் செம்பூர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் நாமும் அண்ணாச்சியும் மைத்துனரும் சங்கு நாட்டினோம். சங்கு என்றது ஓரடி நீளமுள்ள சப்பாத்திக் கட்டை. இரண்டு பக்கமும் தட்டையாயிருந்ததனால் அதனை நட வேண்டியதில்லை, நிறுத்தினால் போதும். சாக்குக் கட்டியால் வட்டம் வரைந்தோம். குழந்தைகள் கூடிவிட்டன. வடாம் உலர்த்த வந்த பாலக்காட்டு மாமி ஒருவர், ஏதோ ஹோமம் என்று எண்ணி, தட்டைத் தள்ளி வைத்து வழிவிட்டார். மாலை நான்கு மணிக்குக் கோடு விழுந்தது. பால்கனிச் சுவர் நோக்கும் திசையை அதனோடு ஒப்பிட்டால், மேற்கிலிருந்து ஐந்து பாகை தெற்கே சாய்வு. மேற்கு என்றே சொல்லவேண்டும். கைப்பேசி ஏறத்தாழ முப்பது பாகை பொய் சொல்லியிருந்தது. மைத்துனர் படித்தவர், உடனே ஒப்புக்கொண்டார். 'ஆனால் மேற்கும் அத்தானுக்கு ஆகாதே' என்றார்.

அங்கேதான் வழக்கு அடுத்த கட்டத்துக்குச் சென்றது. சீன முறையில் ஒருவர் பிறந்த ஆண்டையும், ஆணா பெண்ணா என்பதையும் கொண்டு ஓர் எண் கணிப்பர். அவ்வெண்ணுக்கு நான்கு திசைகள் உகந்தவை, நான்கு ஆகாதவை. நம் பஞ்சாங்கத்திலும் ராசிக்கு ஏற்ற வாசல் என்று உண்டு. கணவனுக்கு உகந்த திசை மனைவிக்கு ஆகாமற்போவது இரண்டு முறையிலும் நேரும். அப்போது யார் வீட்டை விட்டு வெளியேறுவது என்பதை நூல்கள் சொல்வதில்லை.

நம் வழக்கத்துக்கும் சீன வழக்கத்துக்கும் வியக்கத்தக்க ஒற்றுமைகள் உண்டு. நீண்ட தெரு ஒன்று நேராக வந்து ஒரு வீட்டின்மேல் முட்டினால் தெருக்குத்து என்று நாம் அஞ்சி, அவ்விடத்தில் பிள்ளையாரை வைக்கிறோம். சீனரும் அதே இடத்தை அஞ்சி, எதிர்த்து நிற்க வல்ல கல் என்னும் பொருளுடைய எழுத்துகளைப் பொறித்து ஒரு கல்லை நடுகின்றனர். ஓட்டிவரும் மாடு மிரண்டால் எந்த வீட்டுக்குள் புகும் என்று எண்ணிப் பார்த்தால், இருவரும் அஞ்சியது வீண் அச்சம் என்று சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் திசை என்று வரும்போது இருவரும் நேர்மாறாகப் பேசுகிறார்கள். நமக்குத் தெற்கு எமன் திசை. சீனருக்கோ தெற்குதான் தலைசிறந்தது. அவர்களுடைய அரசர் தெற்கு நோக்கியே அமர்ந்தார்; பீக்கிங் நகரத்து அரண்மனை தெற்கு நோக்கியே நிற்கிறது. நாம் வடக்கைக் காட்டுவதாகச் சொல்லும் ஊசியை அவர்கள் 'தெற்கைச் சுட்டும் ஊசி' என்றே அழைக்கின்றனர். காரணம் அந்நாட்டின் வானிலையில் இருக்கிறது. வடசீனத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து, மங்கோலியப் பாலைகளைக் கடந்து வரும். அதற்கு முதுகைக் காட்டி, தாழ்ந்து செல்லும் தெற்கு வெயிலுக்கு முகத்தைக் காட்டுபவனே பிழைப்பான். சாஸ்திரம் பிறந்த இடத்தில் அது ஒரு போர்வையும் ஒரு கூரையும் போன்றது. அதனை அப்படியே கப்பலேற்றி மும்பைக்குக் கொண்டுவந்து, சிரிக்கும் புத்தர் பொம்மையோடு சேர்த்து விற்றால் என்ன ஆகும்?

நம்முடைய தெற்கச்சமும் அவ்வளவு உறுதியானதன்று. மாட்டுங்காவுக்கு முதலில் வந்து குடியேறிய தமிழர் பலருடைய ஊர்கள் தஞ்சையிலும் பாலக்காட்டிலும் உள்ள அக்கிரகாரங்கள். அவற்றுள் பல, கிழக்கு மேற்காக நீளும் ஒற்றைத் தெருக்கள். தெருவின் ஒரு சாரியில் உள்ள வீடெல்லாம் வடக்கு நோக்கும். எதிர்ச்சாரி வீடெல்லாம் தெற்கு நோக்கும். ஊரில் பாதிப் பேர் தெற்கு வாசலிலேயே பிறந்து, படித்து, பிள்ளை குட்டிகளைப் பெற்று, பம்பாய்க்கு இரயிலேறியும் வந்திருக்கின்றனர். தில்லையில் ஆடும் பெருமான் தெற்கு நோக்கியே ஆடுகிறார். அரங்கத்துப் பெருமாள் தெற்கு நோக்கியே கண்வளர்கிறார். மயிலையில் கபாலீசுவரர் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். மதினியின் தகப்பனாரிடம் இவற்றைச் சொன்னபோது, 'சாமிக்குச் சரி, நமக்கு ஆகுமா?' என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவருடைய கவலை உண்மையானது.

மும்பையில் காற்று எத்திசையிலிருந்து வருகிறது? கடல் மேற்கே. பிற்பகலில் வீசும் கடற்காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையும் தென்மேற்கிலிருந்தே சாய்ந்தடிக்கும். ஆகவே மேற்குச் சன்னல் எட்டு மாதம் வரம். நான்கு மாதம் தொல்லை. சுவர் ஊறும், அலமாரித் துணி பூஞ்சணம் பிடிக்கும். சன்னலுக்கு மேல் அகலமான சஜ்ஜா இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமேயன்றி, மேற்கு என்றதும் ஓடவேண்டுவதில்லை. இந்நகரத்தில் விலை மிகுந்த வீடு எது? கடலைப் பார்க்கும் வீடு. அதாவது மேற்கைப் பார்க்கும் வீடு. மரைன் டிரைவில் வரிசையாக நிற்கும் கட்டடங்கள் மேற்கு நோக்கியே நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற தொகுதியில் அவையும் அடங்கும். கொல்கத்தாவில் வங்காளியர் 'தெற்கு திறந்த வீடு' என்றால் கூடுதல் விலை கொடுப்பர்; வங்கக் கடற்காற்று அங்கே தெற்கிலிருந்து வருகிறது. தில்லியில் கோடையின் அனற்காற்று மேற்கிலிருந்து வரும். குளிர்காலத்திலோ தெற்கு வெயிலுக்கு மக்கள் நாற்காலி போட்டுக் காத்திருப்பர். நேயர்கள் தத்தம் ஊர்க் காற்றைத் தாமே அறிவர்.

பம்பாயில் வீடுகளின் முகத்தைப் பற்றி அரசாங்கமே கவலைப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1896-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோயை வளர்த்தது என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு நிறுவனம் அமைத்தனர். நோயைப் பரப்பியது எலியும் தெள்ளும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அதற்குள் தொடங்கிய வேலை நன்மையாகவே முடிந்தது. பிரின்சஸ் தெருவையும் சாந்தர்ஸ்டு சாலையையும் கிழக்கு மேற்காக வெட்டி, மேலைக் கடற்காற்றை ஊருக்குள் அழைத்து வந்தனர். தாதரும் மாட்டுங்காவும் இன்றுள்ள ஒழுங்கோடு அமைந்தது அந்நிறுவனத்தின் திட்டத்தால்தான். மாட்டுங்காவின் பழைய வீடுகளில், அகன்ற தெருவும் மரநிழலும் பால்கனியும் கூடி நிற்பதைக் காண்போர், இட்டிலி உண்ண வந்ததை மறந்து சற்று நிற்பர்.

அந்நிறுவனத்தார் கையாண்ட விதி ஒன்று நம் மனத்தை விட்டு நீங்குவதில்லை. 63½ பாகை விதி என்பர். சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அது 63½ பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. கணக்குத் தெரியாதவர்க்கும் இதனை எளிதில் சொல்லிவிடலாம்: இரண்டு கட்டடத்துக்கும் இடையே எத்தனை அடியோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எதிர்க் கட்டடம் உயரக் கூடாது. பத்தடி இடைவெளியானால் இருபதடி உயரம். இதில் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வானம் தெரிகிறதா என்பது ஒன்றே கேள்வி.

தாராவியில் அண்ணாச்சி வீட்டுச் சந்தை நாம் ஒருமுறை அளந்தோம். நான்கடி. விதிப்படி எதிர்வீடு எட்டடிக்கு மேல் எழும்பலாகாது, எழும்பியிருப்பதோ இருபதடி. அது ஏழைகள் தாமே கட்டிக்கொண்ட இடம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். செம்பூருக்கு அப்பால், கோவண்டியிலும் மான்குர்டிலும் குடிசை மக்களுக்காக முறைப்படி கட்டிக் கொடுத்த அடுக்கு வீடுகளில் ஏழெட்டு மாடிக் கட்டடங்கள் பத்தடி இடைவெளியில் ஒன்றையொன்று முறைத்து நிற்பதைக் காண்கிறோம். நட்வர் பாரேக் வளாகம், லல்லுபாய் வளாகம் முதலியவற்றில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. வெளிச்சமும் காற்றும் குன்றிய கீழ்மாடி வீடுகளில் காசநோய் மிகுந்திருந்ததை அது காட்டியது. 2022-இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான தாராவி மறுசீரமைப்பில், தாராவிக்குள் இடம் பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். வாசல் எந்தத் திசை என்று அங்கே கேட்டால் நகைப்பார்கள். எதிர்ச் சுவருக்கு எத்தனை அடி என்று கேட்டால் நகைக்கமுடியாது.

இவற்றையெல்லாம் அண்ணாச்சி குடும்பத்தார் முன்னிலையில் சொன்னோம். மதினி ஒன்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. நாமும் கேட்கவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறோம். திசை என்றால் மேற்கும் ஆகாது, தெற்கும் ஆகாது. கடன் வாங்கிக் கட்டும் பணம். நாளைக்கு ஏதாவது ஒன்று நேர்ந்தால் வீட்டின்மேல் பழி வரும் என்று பெரியவர் சொன்னார். அண்ணாச்சி அவர் சொல்லைத் தட்டக்கூடியவர் அல்லர். பேசிப் பேசி மூன்று வாரம் கழிந்தது. குறித்த நாளில் மீதிப் பணம் செல்லவில்லை. விற்பவர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

மறு ஆண்டு அண்ணாச்சி செம்பூரிலேயே வேறொரு வீடு வாங்கினார். கட்டடத்தின் வாயில் கிழக்கு. வீட்டின் கதவு கிழக்கு. கூடத்துச் சன்னலும் கிழக்கு. மாமனாரும் மைத்துனரும் தரகரும் முதன்முறையாக ஒரே விடை சொன்னார்கள். தரைத்தளம். சன்னலுக்கு எதிரே ஒன்பது அடியில் ஆறுமாடிக் கட்டடம் ஒன்றின் பின்புறச் சுவர். அதில் மூன்று கழிவுநீர்க் குழாய்கள். புதுமனை புகுவிழாவன்று காலை பத்து மணிக்குக் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பால் காய்ச்சினார்கள்.

அக்கட்டடத்துக்கு மொட்டைமாடி உண்டு. மாலை ஐந்து மணியானால் மதினி ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் சற்று நின்று மூச்சு வாங்கி, மெல்ல மேலே ஏறிவிடுகிறார். அங்கே மேற்குச் சுவரோரம் அவருக்கென்று ஓர் இடம் ஏற்பட்டுவிட்டது. நாம் சென்றால் நேரே மாடிக்குத்தான் போவது. 'உக்காருங்க தம்பி, இப்ப வரும் பாருங்க' என்று சொல்லித் தேநீரைக் கையில் கொடுப்பார். ஐந்தரை மணியளவில் கடற்காற்று வந்துவிடும்.